கரப்பான் ஜெல்லும் கரிம வேதியியல் நூலும்

இந்தக் கோடை விடுமுறையில் என் கையிருப்பைக் கரைத்தவை இரண்டு: அறைக்குள் குடியேறிய கரப்பான் பூச்சிகளும், பாடத்துக்காக வாங்க வேண்டியிருந்த புத்தகங்களும். இரண்டுக்கும் வீண் செலவுகளைச் செய்து முடித்த பிறகு, இரண்டு பொருள்களின் உதவியால் மீண்டேன். முதலாவது, ஊசிக்குழலில் அடைத்து விற்கப்படும் கரப்பான் ஜெல், 0.6 சதவீதம் இண்டாக்சாகார்ப் என்ற மருந்து கலந்த பழுப்பு நிறப் பசை. இரண்டாவது, ஜான் மெக்மரியின் கரிம வேதியியல் பாடநூல். அதன் பத்தாம் பதிப்பை ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற அமைப்பு இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஒன்றுக்கொன்று ஒட்டாத இவற்றைச் சேர்த்து மதிப்பிடக் காரணம் உண்டு. பகுதிநேர வேலையில் வந்த ஒரே சம்பளத்தைத்தான் இரண்டும் பங்கு போட்டுக்கொண்டன. அதைவிட முக்கியமாக, பூச்சிகள் என் அறைக்குள் வந்ததே நான் மலிவாக வாங்கிய பழைய புத்தகப் பெட்டியின் வழியாகத்தான்.

கோடைப் பருவ வகுப்பில் கரிம வேதியியலை எடுத்துக்கொண்டு, விடுதி மூடப்பட்டதால் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நண்பர் ஒருவருடன் வாடகைக்குச் சேர்ந்தேன். முதல் வாரம் எந்தத் தொல்லையும் இல்லை. இரண்டாம் வாரம், இரவு தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை விளக்கைப் போட்டபோது, சிங்க்கின் விளிம்பிலிருந்து ஐந்தாறு சிறு பூச்சிகள் சிதறி ஓடின. கழிவுநீர்க் குழாயிலிருந்து வரும் பெரிய செந்நிறக் கரப்பான்கள் அல்ல அவை. ஒன்றரைச் சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம், வெளிர்ப் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் உள்ள கேடயத்தில் பக்கம் பக்கமாக இரண்டு கரிய கோடுகள். இதன் பெயர் ஜெர்மன் கரப்பான். பெயரை 1767-இல் லின்னேயஸ் வைத்தார். ஆனால் 2024-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இந்த இனம் ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து, மனிதர்களின் வணிகப் பாதைகளோடு உலகெங்கும் பரவியது என்று காட்டியிருக்கிறது. இன்று இது மனிதர் வாழும் கட்டடங்களை விட்டு வெளியே காணப்படுவதே அரிது.

எந்த இனம் என்று முதலிலேயே அடையாளம் கண்டுகொள்வது செலவை மிச்சப்படுத்தும் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். பெரிய கரப்பான் பெரும்பாலும் வெளியிலிருந்து வழி தவறி வருவது. வழியை அடைத்தால் வரத்து குறைந்துவிடும். ஜெர்மன் கரப்பான் வீட்டுக்குள்ளேயே பிறந்து, வளர்ந்து, பெருகுவது. பெண் பூச்சி முப்பது முதல் நாற்பது முட்டைகள் அடங்கிய கூட்டைத் தன் வயிற்றின் நுனியிலேயே சுமந்து திரிந்து, பொரிக்கும் தறுவாயில்தான் கீழே விடுகிறது. பொரிக்க ஏறத்தாழ நான்கு வாரம், குஞ்சு வளர்ந்து பெரியதாக இரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கோடை விடுமுறைக்குள் ஒரு தலைமுறை முழுமையாக உருவாகிவிடும்.

நான் முதலில் வாங்கியது ஸ்பிரே. எல்லோரும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள் என்பதை அறிவேன். கண்ணெதிரே ஓடும் பூச்சி மல்லாந்து விழுவதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. ஆனால் விளக்கைப் போட்டதும் கண்ணில் படுபவை மொத்தக் கூட்டத்தில் சிறு பங்குதான். மற்றவை கீல்களின் இடுக்கிலும், பிரிட்ஜின் மோட்டார் அருகிலும், பலகைகளுக்கு இடையிலும் அடைந்து கிடக்கின்றன. வீட்டு உபயோகத்துக்கான ஸ்பிரேக்களில் பெரும்பாலும் இருப்பது பைரெத்ராய்டு வகை மருந்து. அதற்கு விரட்டும் தன்மை உண்டு; எனவே சமையலறையில் இருந்த பூச்சி படுக்கையறைக்கு இடம் பெயர்கிறது. போதாக்குறைக்கு, பைரெத்ராய்டுகளைத் தாங்கும் திறன் ஜெர்மன் கரப்பானிடம் பரவலாக வளர்ந்துவிட்டது. இரண்டு குப்பிகள் தீர்ந்தபோது, என் எழுதுமேசையின் இழுப்பறையிலும் பூச்சி இருந்தது. அதற்கு முன் அங்கே ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அடுத்து, அறை முழுவதும் புகையாகப் பரவும் மருந்துக் குப்பி ஒன்றை வாங்கி வந்தேன். அதைத் திறக்கவிடாமல் தடுத்தவர் என் அறைத்தோழர். அவருக்கு இளைப்பு நோய் (ஆஸ்துமா) உண்டு. அவர் தடுத்தது எவ்வளவு நல்லது என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. 2019-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கரப்பான் தொல்லை இருந்த முப்பது வீடுகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். இருபது வீடுகளில் புகைக் குப்பிகளையும், பத்து வீடுகளில் ஜெல் மருந்தையும் பயன்படுத்திப் பார்த்ததில், புகைக் குப்பி பயன்படுத்திய வீடுகளில் பூச்சிகளின் எண்ணிக்கை குறையவில்லை. மாறாக, தரையிலும் சமையல் மேடையிலும் மருந்துப் படிவுதான் கூடியது. ஜெல் வைத்த வீடுகளில் பூச்சிகள் வெகுவாகக் குறைந்தன. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் இளைப்பைத் தூண்டுபவை என்பதால், என் நண்பருக்குப் பூச்சியும் கேடு, அதை விரட்டும் புகையும் கேடு என்ற நிலை. திறக்காத குப்பியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இதற்கிடையில் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்ததும், பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்றிலிருந்து ஓர் ஆளை அனுப்பினார். அந்தச் சேவைக்கு என் மதிப்பெண் மிகக் குறைவு. சுவரும் தரையும் சேரும் விளிம்பு நெடுக மருந்தைத் தெளித்துவிட்டு, கால் மணி நேரத்தில் பணியை முடித்துவிட்டார்கள். ஓர் அலமாரியையும் திறந்து பார்க்கவில்லை, எங்கே அதிகம் என்று என்னிடம் கேட்கவும் இல்லை. ஆனால் வந்தவர் வயதில் மூத்தவர், தொழில் தெரிந்தவர். கிளம்பும்போது தாழ்ந்த குரலில், "தம்பி, வெளியே ஓடுறதை அடிச்சுப் பிரயோஜனம் இல்ல. அது எங்க குடியிருக்குன்னு பாருங்க. அங்க ஜெல் வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். குறைந்த நேரத்தில் அதிக வீடுகளைப் பார்க்குமாறு அவரை விரட்டும் ஏற்பாட்டின் மீதுதான் என் குறை; அவர் சொன்ன அந்த வார்த்தை, நிறுவனத்தின் முழுச் சேவையைவிட எனக்குப் பயன்பட்டது.

குடியிருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒட்டுப்பொறிகளை வாங்கினேன். மருந்தேதும் இல்லாத, பசை தடவிய அட்டைகள் அவை. விலையில் எல்லாவற்றிலும் மலிவு. கரப்பான் திறந்த வெளியில் நடக்காது, சுவரோரமாகவே உடலை உரசிக்கொண்டு போகும் என்பதால், அட்டைகளைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். எட்டு அட்டைகளுக்கும் எண் எழுதி, சிங்க்குக்குக் கீழே, பிரிட்ஜுக்குப் பின்னால், அடுப்பின் பக்கத்தில், குளியலறையில், படுக்கையறை மூலைகளில் என்று வைத்து, ஒவ்வொரு காலையிலும் ஆய்வகக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எண்ணிக்கையை எழுதினேன். சமையலறைதான் முதலிடம் பிடிக்கும் என்று உறுதியாக நம்பியிருந்தேன். மூன்றாம் நாள் முடிவில், சமையலறை அட்டைகள் அனைத்திலும் சேர்த்து ஒன்பது. என் மேசைக்குக் கீழே வைத்த ஒரே அட்டையில் பதினான்கு. அவற்றில் பத்துக்கு மேற்பட்டவை எள்ளளவே இருந்த குஞ்சுகள். குஞ்சுகள் பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை.

மேசைக்குக் கீழே இருந்தது ஒரு பொருள்தான். படிப்பை முடித்துச் சென்ற மூத்த மாணவர் ஒருவரிடம் ஏழு பாடநூல்களை மொத்தமாக, ஒரு புதிய நூலின் விலையில் பாதிக்கும் குறைவாகப் பேசி வாங்கி வந்திருந்தேன். அவை வந்த அட்டைப்பெட்டியை அப்படியே மேசைக்கடியில் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு டார்ச்சை வைத்துக்கொண்டு பெட்டியின் அடி மடிப்பைப் பிரித்தேன். நெளிவட்டையின் குழல்களுக்குள், மிளகுத்தூளைத் தூவியது போன்ற கருநிற எச்சம். இரண்டு மடிப்புகள் சேரும் இடத்தில், அவரை விதையைச் சிறிதாக்கியது போன்ற, நெடுக வரிவரியாகப் பள்ளம் விழுந்த மூன்று வெற்று முட்டைக்கூடுகள். தடித்த அட்டை போட்ட இயற்பியல் நூலின் முதுகுக்கும் கட்டுக்கும் இடையே உள்ள பொந்தில் டார்ச் ஒளி பட்டதும், நான்கைந்து மீசைகள் ஒன்றாக அசைந்தன. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மலிவாகக் கிடைத்த புத்தகங்கள் என்று நான் மகிழ்ந்திருந்த பெட்டிதான், அந்த மாதம் முழுவதும் நான் ஸ்பிரேக்குச் செலவழித்ததற்கு மூலம்.

அட்டைப்பெட்டியை மட்டும் இரட்டைப் பையில் கட்டி வெளியேற்றிவிட்டு, மறுநாளே ஜெல்லை வாங்கினேன். பிராண்டின் பெயரைவிட, லேபிளில் உள்ள மருந்தின் பெயரையும் அளவையும் பார்த்து வாங்குவதுதான் சரி என்பது என் கருத்து. கரப்பான் ஜெல்களில் பிப்ரோனில், இமிடாகுளோப்ரிட், இண்டாக்சாகார்ப் எனப் பல மருந்துகள் உண்டு. நான் மூன்றாவதைத் தேர்ந்ததற்குக் காரணம், அது வேலை செய்யும் விதம். பைரெத்ராய்டு, நரம்பில் மின்குறிகள் ஓட உதவும் சோடியம் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைத்திருக்கும். இண்டாக்சாகார்ப் அதே வாயில்களை அடைத்துவிடும். ஆனால் பூச்சி தின்றவுடன் அது அடைப்பதில்லை. ஊசிக்குழலில் இருக்கும் மூலக்கூறு அப்படியே அவ்வளவு வீரியமுள்ளதல்ல; பூச்சியின் குடலிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நொதிகள் அதன் நைட்ரஜனோடு இணைந்த, எஸ்டர் என்ற ஓர் அணுத்தொகுதியை வெட்டி எறிந்த பிறகுதான் அது கொல்லும் மருந்தாகிறது. இந்தத் தாமதத்தில்தான் இதன் பலமே இருக்கிறது. தின்ற பூச்சி உடனே சாகாமல் தன் பொந்துக்குத் திரும்புகிறது. அங்கே எச்சமிடுகிறது, சாகிறது. வெளியே வந்து இரை தேடாத குஞ்சுகள் பெரிய பூச்சிகளின் எச்சத்தைத் தின்றே வளர்பவை. அந்த எச்சத்தின் வழியாக மருந்து அவற்றுக்கும் போகிறது. இவ்வாறு கைமாறிச் செல்லும் மருந்து இரண்டாம், மூன்றாம் நிலையிலும் பூச்சிகளைக் கொல்வதை 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று இண்டாக்சாகார்ப்பைக் கொண்டே நிறுவியிருக்கிறது. ஊசிக்குழலின் முனை எட்டாத இடத்துக்கும் பூச்சியே மருந்தைக் கொண்டுபோகிறது.

வைக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். நானும் முதல் நாள் தவறினேன். பற்பசை போல நீளமாகப் பிதுக்கி வைத்ததில் பாதி, இரண்டு நாளில் மேலே தோல் கட்டிக் காய்ந்துவிட்டது. சிறு பருப்பு அளவில் பல புள்ளிகளாக வைப்பதே முறை. அலமாரிக் கதவின் கீல்களின் உட்புறம், இழுப்பறைத் தடங்களின் மூலை, சிங்க்குக்குக் கீழே குழாய் சுவருக்குள் நுழையும் வளையம், பிரிட்ஜின் அடிப்பகுதி, மேசைக் கால்கள் பலகையோடு சேரும் இடம் என நாற்பது புள்ளிகள் வரை வைத்தேன். ஸ்பிரே அடித்த இடத்தில் வைத்தால் பூச்சி நெருங்காது. எனவே பழைய ஸ்பிரேயின் தடத்தைச் சோப்புத் தண்ணீரால் முழுவதும் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பசை ஒட்டாது, சூடான பரப்பில் உருகி வழியும். எல்லாவற்றுக்கும் மேலாக, எச்சில் தட்டும் மூடாத குப்பைக் கூடையும் இருக்கும் வீட்டில் பூச்சி ஜெல்லைத் தேடி வராது. இரவு படுக்கும் முன் சிங்க்கைத் துணியால் உலரத் துடைத்துவிடுவோம் என்று நானும் நண்பரும் முறை வைத்துக்கொண்டோம். ஜெல்லின் வெற்றியில் பாதி அந்தத் துணிக்குச் சேர வேண்டும்.

பலன் தெரியத் தொடங்கியது நான்காம் நாள். பகலிலேயே தள்ளாடிக்கொண்டு வெளியே வரும் பூச்சிகளைக் கண்டு மருந்து பலிக்கவில்லையோ என்று பயந்தேன். நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம் அது. முதல் வார முடிவில் எட்டு அட்டைகளிலும் சேர்த்து நாள் ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு என்ற அளவுக்குக் குறைந்தது. மூன்றாம் வாரம் முழுவதும் இரண்டே இரண்டு. நிம்மதியடைந்து புள்ளிகளைப் புதுப்பிக்காமல் விட்டேன். ஐந்தாம் வாரம் மேசை அருகே மீண்டும் ஆறு குஞ்சுகள். முட்டைக்கூட்டுக்குள் இருக்கும் முட்டையை மருந்து தொடுவதில்லை என்பதை மறந்ததன் விளைவு. கூட்டைச் சுமந்த பூச்சி செத்தாலும், பொரிக்கும் தறுவாயில் உள்ள முட்டைகள் சில தப்பிவிடும். ஆகவே பூச்சி கண்ணில் படவில்லை என்றாலும் இரண்டு மாதம் வரை ஜெல்லைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கலாம் என்பது தயாரிப்பாளர்கள் மீது எனக்குள்ள மனத்தாங்கல்.

ஜெல்லிலும் குறைகள் உண்டு. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் எட்டாத இடுக்கில் மட்டுமே வைக்க வேண்டும். பக்கத்து வீட்டிலும் பூச்சி இருந்து, குழாய் ஓட்டைகள் பொதுவாக இருந்தால், ஒரு வீட்டில் மட்டும் வைப்பது போதாது. ஒரே ஜெல்லைத் தொடர்ந்து பயன்படுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. இரையாகக் கலக்கும் குளுக்கோஸையே வெறுத்து ஒதுக்கும் கரப்பான்களை ஜூல்ஸ் சில்வர்மேன் என்ற பூச்சியியலாளர் அடையாளம் கண்டு 1993-இல் எழுதினார். அத்தகைய பூச்சிகளின் நாவுக்குக் குளுக்கோஸ் கசப்பாகப் படுகிறது என்பதை அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013-இல் விளக்கினார்கள். இனிப்பை விரும்பியவை செத்து, வெறுத்தவை பிழைத்துப் பெருகியதால் வந்த மாற்றம் அது. எனவே ஒரு குழல் தீர்ந்ததும், வேறு மருந்தும் வேறு இரைக் கலவையும் கொண்ட ஜெல்லுக்கு மாறுவது நல்லது.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன். வகுப்புக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது வேறொரு பெரிய பதிப்பகத்தின் புதிய பதிப்பு. அதனுடன் வீட்டுப்பாடத் தளத்துக்கான அணுகல் குறியீடும் சேர்த்து விற்றார்கள். அதன் விலை என் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவை எட்டியது. பாடநூலின் விலையைப் பற்றி மாணவர்கள் புலம்பும்போது, பழைய பிரதியை வாங்கிக்கொள்ளலாமே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். குறியீடு ஒருவர் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடியது என்பதால், அது சேர்ந்த பிறகு பழைய பிரதிக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்பிலோ, பாடம் பெரும்பாலும் மாறுவதில்லை; அத்தியாயக் கடைசியில் உள்ள கணக்குகளின் வரிசை எண்கள் மாறுகின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நிறுவப்பட்ட ஒரு வினையின் இயங்குமுறை புதிய பதிப்பில் வேறாகிவிடப் போவதில்லை. ஆனாலும் கணக்கு எண் பொருந்தாத மாணவர் தவறான கணக்கைச் செய்து மதிப்பெண்ணை இழக்கிறார். இது எனக்கு உண்மையான வருத்தம்.

பேராசிரியரைத் தனியே பார்த்து நிலையைச் சொன்னேன். அவர் சற்றும் தயங்காமல், தளத்தில் உள்ள பயிற்சிகளுக்குப் பதிலாகக் கையெழுத்தில் எழுதிய பயிற்சிகளை ஏற்றுக்கொள்வதாகவும், பாடத்துக்கு மெக்மரியின் நூலே போதும் என்றும் சொன்னார். நான் வாங்கிய பெட்டியில் மெக்மரியின் பழைய பதிப்பு ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதன் பத்தாம் பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். வாங்கும் முன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பெட்டியே என் அறைக்கு வந்திருக்காது.

அந்த நூல் இலவசமான கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மெக்மரியின் பாடநூல் 1984 முதல் வணிகப் பதிப்பகங்களின் வழியே விற்பனையாகி, உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்துவந்தது. அவருடைய மகன் பீட்டர், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயால் 2019-இல் இறந்தார். நூலின் உரிமை தம்மிடம் திரும்பியபோது, மகனின் நினைவாகப் பத்தாம் பதிப்பை யாவரும் இலவசமாகப் படிக்கும்படி ஓப்பன்ஸ்டாக்ஸிடம் கொடுத்தார் மெக்மரி; 2023-இல் அது வெளியானது. ஓப்பன்ஸ்டாக்ஸ், ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமைப்பு. அங்குள்ள ரிச்சர்ட் பரானியுக் 1999-இல் தொடங்கிய திறந்தநிலைப் பாடத் திட்டத்திலிருந்து வளர்ந்து, 2012-இல் தன் முதல் பாடநூல்களை வெளியிட்டது. நூலின் முகப்பில் அந்த அர்ப்பணிப்பைப் படித்துவிட்டு, அன்றைய பாடத்தைத் தொடங்கச் சிறிது நேரம் பிடித்தது.

நூலின் தரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. இலவசம் என்பதால் சுருக்கியதோ வெட்டியதோ அல்ல. முப்பத்தொரு அத்தியாயங்களும் முழுமையாக உள்ளன, விடைகளை விளக்கும் துணை நூலும் இலவசமாகவே கிடைக்கிறது. எலக்ட்ரான்கள் நகரும் வழியை அம்புக்குறிகளால் காட்டும் படங்களில் ஒவ்வொரு படிக்கும் பக்கத்திலேயே விளக்கம் தந்திருப்பது, தனியே படிப்பவருக்குப் பேருதவி. கார்பாக்சிலிக் அமிலத்தின் வழிப்பொருள்களைப் பேசும் 21-ஆம் அத்தியாயத்தை நான் படித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் ஜெல் வேலை செய்துகொண்டிருந்தது. எஸ்டர் பிணைப்பை நீரும் நொதியும் எப்படி வெட்டுகின்றன என்று மேசையின் மேல் படித்தேன். மேசைக்குக் கீழே, கரப்பானின் குடலில், அதே வகைப் பிணைப்பு வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. தேர்வுக்காக மனப்பாடம் செய்யவிருந்த ஒரு பாடம் எனக்கு உடனே விளங்கியது அந்த ஒருமுறைதான். இண்டாக்சாகார்ப்பின் அமைப்பை வரைந்து, எந்தப் பிணைப்பு உடையும் என்று அம்புக்குறி போட்டுப் பேராசிரியரிடம் காட்டினேன். அதை ஒரு பயிற்சியாகவே ஏற்றுக்கொண்டார்.

திரையில் படிப்பதில் சிரமம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நூலைக் கைப்பேசியில் படிக்க முடியாது. மடிக்கணினியில்கூட, கணக்குக்கும் பாடத்துக்கும் இடையே மாறி மாறிப் புரட்டுவது கையில் நூலை வைத்துக்கொண்டு விரல் செருகிப் படிப்பதற்கு ஈடாகாது. அதனால் பழைய பதிப்பின் அச்சுப் பிரதியையும் விடாமல் வைத்துக்கொண்டேன்: படிப்பது அச்சில், கணக்கு எண்களைச் சரிபார்ப்பது இலவசப் பதிப்பில். வகுப்பில் என்னைப் போலப் பழைய பதிப்பு வைத்திருந்த நால்வர் சேர்ந்து, இரு பதிப்புகளின் கணக்கு எண்களையும் எதிரெதிரே எழுதிய ஓர் அட்டவணையை ஒரே மாலையில் தயாரித்துக்கொண்டோம். நூலகத்தில் பரிந்துரை நூலின் பிரதி ஒன்று இரண்டு மணி நேர வாசிப்புக்குக் கிடைத்ததும் உதவியது. வாடகைக்குப் புத்தகம் தரும் சேவையையும் விசாரித்தேன். ஓரத்தில் குறிப்பெழுதக்கூடாது, பருவம் முடிந்ததும் திருப்பியாக வேண்டும் என்பதால், அடுத்த பருவத்திலும் தேவைப்படும் பாடத்துக்கு அது ஒத்துவராது என்று விட்டுவிட்டேன்.

பழைய புத்தகம் வாங்குவதை நான் கைவிடவில்லை. வாங்கி உள்ளே கொண்டுவரும் முறையை மாற்றிக்கொண்டேன். அட்டைப்பெட்டியை வாசலைத் தாண்ட விடுவதில்லை. ஒவ்வொரு நூலையும் முதுகு மேலே இருக்கும்படி பிடித்து, வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பார்க்கிறேன். தாளில் தூசு போல ஊர்வது புத்தகப் பேன் என்றால் அஞ்ச வேண்டியதில்லை. அது கடிக்காது, ஈரத்தில் வளரும் பூஞ்சணத்தைத் தின்று வாழ்வது, புத்தகத்தை உலர்ந்த இடத்தில் வைத்தால் தானே அழியும். ராமபாணப் பூச்சிதான் தாளை அரிப்பது. மிளகுத்தூள் போன்ற எச்சமோ கூடோ தெரிந்தால், நூலைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் குளிரில் நான்கு நாள் உறையவிடுகிறேன்; மூட்டைப்பூச்சிக்கும் இதே முறை பயன்படும். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடக் கூடாது. நூல் அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பொறுக்காவிட்டால், குளிர்ந்த தாளில் ஈரம் கோத்துப் பக்கங்கள் நெளிந்துவிடும். மெக்மரியின் பழைய பதிப்பும் இயற்பியல் நூலும் அப்படித்தான் பிழைத்தன. இயற்பியல் நூலின் முதுகை மட்டும் திறந்து, பொந்தைத் தூரிகையால் சுத்தம் செய்து மீண்டும் ஒட்டினேன்.

மீண்டும் ஒரு கோடைக்காலம் இப்படி வாய்த்தால், முதல் நாளே எட்டு ஒட்டுப்பொறிகளை வாங்குவேன், எண்ணிக்கை கூடிய இடத்தில் ஜெல்லை வைப்பேன். ஸ்பிரேயும் புகைக் குப்பியும் வாங்க மாட்டேன். ஜெல்லுக்கு ஐந்துக்கு நான்கரை தருகிறேன். முட்டை பொரியும் காலக்கணக்கைப் பொட்டலத்தில் சொல்லாததற்காக அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். மெக்மரியின் இலவசப் பதிப்புக்கு ஐந்துக்கு ஐந்து. திரைச் சிரமம் நூலின் குற்றமல்ல என்பதால் அதற்காக எதையும் குறைக்கவில்லை.

கோடைப் பருவம் முடிந்து இரண்டு வாரமாகிறது. மேசைக்குக் கீழே உள்ள அட்டையில் கடந்த இருபத்தொரு நாளாக ஒன்றும் ஒட்டவில்லை. ஆனாலும் கீல்களில் புதிய புள்ளிகளை நேற்று வைத்தேன். அடுத்த பருவத்தில் கரிம வேதியியல் எடுக்கும் இளைய மாணவி ஒருவர் பழைய பதிப்பைக் கேட்டிருக்கிறார். நான்கு நாள் குளிரில் இருந்த நூலும், கணக்கு எண் அட்டவணையும், பாதி மீந்த ஊசிக்குழலும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் அவருக்காகத் தயாராக இருக்கின்றன.